பெட்டி முதலில் புறப்படும்

தம்பி,

நீ இந்த நிமிடம் எங்கே இருக்கிறாய் என்று உனக்கே தெரியாது, எனக்குத் தெரியும். உன் அக்கா என் கைப்பேசியில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு என் கட்டிலில் குப்புற விழுந்து தூங்குகிறாள். அதில் ஒரு குட்டி மஞ்சள் விமானம், பெயர் வாயில் நுழையாத ஒரு நாட்டின் மேலே நின்றுகொண்டிருக்கிறது. நிற்கவில்லை, பறக்கிறது என்றாள் அவள். நான் பார்க்கும்போதெல்லாம் அது நின்றுகொண்டுதான் இருக்கிறது. விடிகாலையில் வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு தடவை வீட்டைக் கூட்டிவிட்டேன். தேத்தண்ணீர் போட்டு, குடிக்காமல் ஆறவிட்டு, கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். உன் அறைக்குப் போய் மெத்தை விரிப்பை உருவினேன், பிறகு அதே விரிப்பை அதே மெத்தையில் விரித்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் கைப்பேசியைத் தேடுகிறேன். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ தரை இறங்கும்வரை எழுதுவேன், இறங்கியதும் நிறுத்திவிடுவேன்.

நேற்று வரை நான் நம்பியிருந்தது வேறொரு இணையப் பக்கத்தை. இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் இடையில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லுமே, அது. உன் லண்டன் வேலை உறுதியான நாளிலிருந்து அதைத் தட்டிக்கொண்டே இருந்தேன். சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை, ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போகிற பேருந்தில் ஒரு தடவை, கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போதும். பினாங்கு, லண்டன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னது. ஒருநாள் பெயர்களை மாற்றிப் போட்டேன், லண்டன், பினாங்கு என்று. திரும்பி வருகிற வழி கொஞ்சம் குறைவாக இருக்காதா என்கிற நப்பாசைதான். சிரிக்காதே. நாற்பது வயது வரை பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவள் நான், போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன்.

அக்காதான் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். அது நேர்க்கோட்டுத் தூரமாம். ஒரு விமானம் நம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் கிளம்பி எங்கும் வளையாமல், எங்கும் நிற்காமல் நேரே லண்டனில் போய் இறங்கினால் ஆகிற நேரமாம். "அப்படி ஒரு பிளைட்டே கிடையாதும்மா, சும்மா கணக்கு" என்றாள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இல்லாத விமானத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக என் மனசைத் தேற்றியிருக்கிறேன். அந்த விமானத்தில் ஏறுகிறவன் வரிசையில் நிற்பதில்லை, பெட்டியை நிறுத்துப் பார்ப்பதில்லை, அவனுக்கு மழை இல்லை, பாலத்தில் நெரிசல் இல்லை. முக்கியமாக, அவனுக்கு அம்மா இல்லை. அம்மா இருந்திருந்தால் பதின்மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். அதற்கு நீயே சாட்சி.

உன் அப்பா உன்னைப் பாயான் லெப்பாஸ் சாலையோரம் நிறுத்தி விமானம் காட்டியது நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி. தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் "இது எங்கப்பா போகுது?" என்று நீ கேட்பாய். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மனுஷன், கப்பல் என்றால் எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று புட்டுப்புட்டு வைப்பார். விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று மகனிடம் சொல்லவும் மனம் வராது. "ஈப்போ" என்பார். அடுத்த விமானமும் ஈப்போ. பள்ளிக்கூடத்தில் விமானம் பற்றி எழுதச் சொன்னபோது உலகத்து விமானங்கள் எல்லாம் ஈப்போவில் இறங்கும் என்று எழுதி வைத்தாய். ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். அவர் வெட்கமே இல்லாமல், "பையன் அவ்வளவு தூரம் போனா போதும், சாயந்திரம் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். உன்னை அவர் அனுப்பி வைக்க நினைத்த தூரம் அவ்வளவுதான். அதையும் நான் உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, நேற்றைய கூத்துக்கு வருகிறேன். உனக்கு அதில் பாதிதான் தெரியும். உன் டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு என்றதுமே புக்கிட் மெர்தாஜாமிலிருந்து உன் பெரியம்மா போன் போட்டாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், லண்டன் இருப்பது மேற்கே, போகக் கூடாது. நான் விடுவேனா? "அக்கா, அவன் முதல்ல கே.எல். போறான், கோலாலம்பூருக்கு. அது தெற்கு. வெள்ளிக்கிழமை தெற்குக்கு ஒண்ணும் இல்லையே" என்றேன். அவளா மசிவாள்? "அவன் போய் இறங்குற இடம் மேற்கு. எண்ணெய் ஊத்த காடி பம்ப்ல நிக்குது, அதுக்காக நீ பம்ப்புக்கா பயணம் போற?" என்று கேட்டாள்.  உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். விமானம் கே.எல்.லில் ஏறித் திரும்பப் பினாங்குக்குப் பக்கத்தில்தான் பறக்கும், அப்படியானால் அது எந்தச் சூலம் என்று கேட்டாய். அதைப் பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் அவள் விமானியையே மாற்றச் சொல்லியிருப்பாள்.

கடைசியில் அவளே வழி சொன்னாள். முதல்நாள் நல்ல நேரத்தில் பெட்டியை வெளியே எடுத்து வேறு வீட்டில் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம். பெட்டி புறப்பட்டால் நீ புறப்பட்ட மாதிரி. மறுநாள் நீ எப்போது கிளம்பினாலும் அது பாதியில் விட்ட பயணத்தைத் தொடருவதுதான். அதற்கு இரண்டு சட்டம். வெளியே போன பெட்டி, போக வேண்டிய ஊருக்குப் போகாமல் வீட்டுக்குள் திரும்பக் கூடாது. இன்னொன்று, "எது இல்லாம பயணம் ஆகாதோ அதை உள்ள வைக்கணும்டீ. வெறும் சட்டை துணியை வச்சா அது சட்டையோட பயணம்தான்." இந்த இரண்டாவது சட்டத்தை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். எது இல்லாமல் நீ லண்டன் போக முடியாது? பிறகு எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்துப்போய், நீ குளிக்கப் போயிருந்தபோது மேசையில் இருந்த உன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பெட்டியின் வெளிப்பையில் வைத்து மூடினேன். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பெட்டி பக்கத்து வீட்டு ஆ லியானிடம் போனது. அவளுக்கு விளக்கம் தேவையில்லை. முப்பது வருஷமாக அக்கம் பக்கமாக இருக்கிறோம், எங்கள் சாமிக்கு ஒரு நேரம், அவள் சீனச் சாமிக்கு ஒரு நேரம். "தாக் அப்பா லா", பரவாயில்லை என்று வாங்கி அவள் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழே அக்கா காடியோடு காத்திருந்தாள். நீ சாமி கும்பிட்டுவிட்டு மேசையைப் பார்த்தாய், கட்டிலுக்கடியில் பார்த்தாய், உன் தோள்பையைக் கவிழ்த்துக் கொட்டினாய்.

"அம்மா, பாஸ்போர்ட் இங்கதானே இருந்துச்சு?"

"பெட்டியில இருக்குடா."

"எந்தப் பெட்டி?"

நான் வாய் திறப்பதற்குள் உன் முகம் மாறியதைப் பார்த்தேன். இருவரும் ஆ லியான் வீட்டுக்கு ஓடினோம். கம்பிக் கதவில் பூட்டு. கூப்பிட்டால் ஆள் இல்லை. போன் போட்டால் மணி வீட்டுக்குள்ளேயே அடிக்கிறது. சன்னல் கண்ணாடிப் பலகைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தால் பெட்டி நன்றாகத் தெரிகிறது. சாமி மேடைக்குப் பக்கத்தில், அடையாளத்துக்கு நான் கட்டிய சிவப்பு ரிப்பனோடு, எங்கும் போகிற அவசரம் இல்லாமல் நிற்கிறது. நீ துடைப்பக் கட்டையை உள்ளே விட்டுக் கைப்பிடியை இழுக்கப் பார்த்தாய். பெட்டி மல்லாக்க விழுந்ததுதான் மிச்சம். கீழே இருந்து அக்கா ஹாரன் அடிக்கிறாள். "பூட்டை உடைச்சிடலாம்மா, புதுசு வாங்கிக் கொடுத்துடலாம்" என்றாய். "நல்ல காரியத்துக்குப் போறவன் அடுத்த வீட்டுப் பூட்டை உடைச்சிட்டா போவான்?" என்று நான் குறுக்கே நின்றேன். அந்த நேரத்திலும் சட்டம் பேசியிருக்கிறேன் பார். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாய். கே.எல். விமானம் கிளம்பிவிட்டது என்று நீ சொன்னபோது உன் குரலில் கோபம்கூட இல்லை. 

ஆ லியான் அதற்குப் பிறகுதான் மூச்சு வாங்க மேலே வந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் அவள் பேத்திக்குக் காய்ச்சல், கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள், அவசரத்தில் போனை மறந்திருக்கிறாள். ஒரு மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம் என்று நினைத்தாளாம். "பாலத்துல லோரி ரோசாக் லா, நடுவுலயே நின்னுடுச்சு, ஒரே ஜேம், பஸ்ஸுல நின்னே வந்தேன்" என்று கையை உதறி உதறிச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். குற்றம் செய்தவள் நான், அழுதவள் அவள். பெட்டியை அவளே இழுத்துக்கொண்டு வந்து நம் வாசலில் விட்டாள்.

அப்போதுதான் நீ எழுந்து வந்து சொன்னாய். "போதும்மா. நான் போகல. பெட்டியை உள்ள எடுங்க." சூலத்தைக் கேலி செய்தவன், "வேண்டாம்னுதான் ஏதோ சொல்லுது" என்றாய். அப்பாவுக்குத்தான் நேரத்துக்கு வர முடியவில்லை, உங்களுக்காவது பக்கத்தில் இருக்கிறேன் என்றாய். தம்பி, உள்ளதைச் சொல்கிறேன். நீ போகவில்லை என்று சொன்னதும் என் மனசு துள்ளிக் குதித்தது. ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன். உள்ளே வந்து கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். படியேறி வந்திருந்த உன் அக்கா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நீ அவளுக்குப் பின்னால்.

"வெளிய போன பெட்டி உள்ள வரக் கூடாது" என்றேன்.

"அம்மா, விளையாடாதீங்க. கதவைத் திறங்க."

"விளையாடல. லண்டன் பிளைட் கே.எல்.லருந்து ராத்திரிதானே? டிக்கெட்டும் தனித்தனிதானே, இது போனா அது போகாதே? ரோட்டுல போங்க. அக்கா ஓட்டுவா."

"நீங்க இதையெல்லாம் நிஜமா நம்புறீங்களா?"

நம்புகிறேனா என்று எனக்கே தெரியாது. பாதி நம்புகிறேன், பாதி பெரியம்மாவுக்குப் பயந்து செய்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் இல்லை. நல்ல வேலை, உன் எதிர்காலம், என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று நியாயம் பேச ஆரம்பித்திருந்தால் மூன்றாவது வாக்கியத்தில் அழுது உன்னை உள்ளே கூப்பிட்டிருப்பேன். சட்டம் என்றால் அழ வேண்டியதில்லை. அதனால்தான் கதவைத் திறக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினாள். பிறகுதான் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து வீட்டைப் பூட்டினேன்.

நாம் மூவரும் நெடுஞ்சாலையில் கே.எல். நோக்கிப் போனோம். ஈப்போ என்று பெரிய பச்சைப் பலகை வந்ததும் நீ திடீரென்று சிரித்தாய். "அப்பா சொன்ன பிளைட்டெல்லாம் இங்கதான் இறங்கிச்சு" என்றாய். அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உன் குரல் உடைந்துவிட்டது. அப்பா இறந்த அன்று நீ சிங்கப்பூரில் இருந்தாய். ஒன்றரை மணி நேரப் பறப்புதான், பக்கத்து ஊர் மாதிரி என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை அழைத்தோம். இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பையன் வந்துகொண்டிருக்கிறான், வந்துகொண்டிருக்கிறான் என்று அப்பாவை வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தோம். இடம் கிடைக்கவில்லை, கிடைத்த விமானம் மழையில் தாமதம். கடைசியில் உன் சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். நீ வந்தபோது வீடு கழுவி விட்டிருந்தது, கூடாரத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தோள்பையைக்கூட இறக்காமல் ஈரத் தரையில் நின்றாய். அதற்குப் பிறகு சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு என்னிடமே வந்துவிட்டாய்.

நேற்றுதான் நீ மிச்சத்தைச் சொன்னாய். "காலையில ஒரு பிளைட்ல இடம் இருந்துச்சும்மா. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்னு ஆபீஸ் போனேன். அதுக்குள்ள போயிடுச்சு. ஒரு வார்த்தை சொல்றதுக்குப் போய்..." இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய்?  எனக்கு முன்னால் அக்கா பேசினாள். சாலையைப் பார்த்தபடியே, கோபமே இல்லாமல்.

"நான் அங்கதான் இருந்தேன், தம்பி. காலையிலிருந்து அப்பா காலுகிட்டதான் உக்காந்திருந்தேன். நீ எங்க வர்ற, எப்ப வர்றன்னு எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. நீ கொள்ளி வைக்கிறியான்னு ஒருத்தரும் கேக்கல."

 நீ பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவள் தோளில் வைத்தாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பகல் முழுக்க நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உன் தூரத்தை அளந்துகொண்டிருந்தோம். இவள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தாள். இது எனக்கு உறைக்க ஈப்போவைத் தாண்ட வேண்டியிருந்தது.

விமான நிலையத்தில் உன்னிடம் நான் ஒன்றுமே சரியாகச் சொல்லவில்லை. சாப்பிடு, காதை மூடிக்கொள், போய்ச் சேர்ந்ததும் போன் போடு என்று ஏதோ உளறினேன். பெட்டி கனம் கூடிவிட்டது என்று, நான் வறுத்தரைத்து வைத்த குழம்புத் தூள் பொட்டலத்தை நீ எடுத்து என் கையில் கொடுத்தாய். அதைப் பிடித்துக்கொண்டு, நீ உள்ளே போய்க் கண்ணுக்கு மறைகிறவரை நின்றேன். திரும்பி வருகிற வழியில், பினாங்குப் பாலம் ஏறும்போது வானம் வெளுத்திருந்தது. அப்போது அக்காவிடம் சொன்னேன், "எனக்கு நீதான் செய்யணும். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பெரியம்மா, சித்தப்பா எல்லார்கிட்டயும் நானே சொல்லி வச்சிடறேன்."  அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா. அன்னைக்குப் பாலத்துல ஜேம் இல்லாம இருக்கணும்" என்றாள். இருவரும் பாலம் இறங்கும்வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். அவளுக்கு உன்னைவிட வாய் அதிகம், நீ கவனித்ததில்லை.

இப்போது கருங்கடல் என்று காட்டுகிறது. நகர்ந்திருக்கிறது. உனக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை நீ மேனேஜரிடம் சொல்லப் போனது தப்பில்லை. சொல்லாமல் ஓடுகிற பிள்ளையாக நாங்கள் உன்னை வளர்க்கவில்லை. அந்த விமானத்தைப் பிடித்திருந்தாலும் மழை பெய்திருக்கும், டாக்சி கிடைக்காமல் போயிருக்கும். ஒன்றரை மணி நேரம் என்பது அந்த இணையப் பக்கத்தில் இருக்கிற விமானத்துக்குத்தான், உனக்கும் எனக்கும் இல்லை. நீ சிங்கப்பூரில் இருந்தும் வர முடியவில்லை, பிறகு என் பக்கத்து அறையிலேயே இருந்தும் என்னிடம் இதைச் சொல்ல முடியவில்லை. எந்தத் தூரத்தை நீ குறைத்தாய், சொல்லு பார்ப்போம். இனி அந்தக் கணக்குப் போடாதே. எங்கே வீடு பார்த்தாலும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பார்க்காதே, இரவெல்லாம் சத்தமாக இருக்கும். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே. நான் வழக்கமில்லாத நேரத்தில் கூப்பிட்டால், அம்மாவுக்கு நேர வித்தியாசம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

எனக்கு ஒன்று ஆகிவிட்டது என்று சேதி வந்தால் ஓடி வராதே. கிடைத்த டிக்கெட்டைப் போட்டு, மூன்று ஊரில் மாறி, ஒவ்வொரு வாசலிலும் கடிகாரத்தைப் பார்த்துச் செத்துச் செத்து வராதே. அக்கா இருக்கிறாள், அவள் செய்வாள். நீ அங்கேயே குளித்து, ஒரு விளக்கேற்றி, வயிறாரச் சாப்பிடு. மெதுவாக வா. என்னை எரிக்க வர வேண்டாம், தம்பி. நான் இருக்கும்போது என்னைப் பார்க்க வா. அதற்குச் சூலம் கிடையாது, ராகு காலம் கிடையாது, எந்த விமானம் தவறினாலும் அடுத்த விமானத்தில் வரலாம். எனக்கு உன்னை அனுப்ப மனசே இல்லை. அதைக் கதவுக்குப் பின்னால் நின்று மறைத்துவிட்டேன், இங்கே மறைக்க மாட்டேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இன்றைக்கும் நாளைக்கும் அழுவேன். ஆனாலும் மறுபடி அந்தப் பெட்டி வாசலுக்கு வந்தால் மறுபடியும் கதவைச் சாத்துவேன்.

மஞ்சள் விமானம் லண்டனுக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. இறங்க இடம் இல்லையாம், அக்கா எழுந்து வந்து பார்த்துச் சொன்னாள். பத்தாயிரம் கிலோமீட்டர் வந்தவனை வாசலில் நிற்க வைக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம். இப்போது நின்றுவிட்டது. இது நிஜமான நிற்பு. இறங்கிவிட்டாய்.

நிறுத்திவிடுவேன் என்றுதான் சொன்னேன், இன்னும் ஒன்று மட்டும். இன்று சனிக்கிழமை, மேற்குக்குத் தடையில்லை. காலையில் ராகு காலம் முடிந்ததும் என் நீலப் பெட்டியை இறக்கித் துடைத்து, இரண்டு புடவையும் உன் அப்பாவின் பழைய ஸ்வெட்டரும் வைத்தேன். பாஸ்போர்ட்டை வைக்கவில்லை, அது என் கைப்பையில் இருக்கிறது. ஒரு தடவை அடி பட்டாகிவிட்டது. எது இல்லாமல் என் பயணம் ஆகாதோ அதை வைக்க வேண்டுமே என்று யோசித்து, நீ திருப்பிக் கொடுத்த தூள் பொட்டலத்தை வைத்து மூடினேன். ஆ லியான் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எப்ப பிளைட்?" என்றாள். தெரியாது என்றேன். "தாக் அப்பா லா" என்று அவள் சாமிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வெளியே போன பெட்டி உள்ளே வரக் கூடாது, உனக்குத் தெரியும்.

டிக்கெட் போடு.

அம்மா